வடகரைக்குப் போய் வந்த பசு

பக்கத்து வீட்டுப் பசு விடிந்ததிலிருந்து கத்துகிறது. சினை ஊசி போட வந்த டாக்டர் தம்பி, "சினை நிக்காததுக்கு வம்சமும் காரணமா இருக்கலாம், தீனியும் காரணமா இருக்கலாம்" என்கிறார். படித்தவருக்கும் அதே குழப்பம்தான்.

அது வெள்ளைக்காரன் காலம். எனக்கு ஏழு வயதிருக்கும். சித்திக்குப் பிறந்த வீட்டுச் சீராக வடகரையிலிருந்து ஒரு பசு வந்தது. மேலகரத்துக் காளையிடம் எத்தனை தடவை ஓட்டிப் போயும் சினை பிடிக்கவில்லை. சித்திக்கும் பிள்ளை இல்லை. அத்தை பசுவைப் பார்த்துக்கொண்டே சித்தியிடம் சொல்வாள்:

"ஒங்க வீட்டு வம்சமே அப்படித்தாம்ட்டி. என் தம்பிக்கு ஆய்க்குடியில வேற பொண்ணு பாக்கணும்."

மாடு சினையாகாததற்குச் சித்தப்பாவுக்கு எதற்கு இன்னொரு பெண் என்று எனக்கு விளங்கவே இல்லை.

"எங்க ஊருத் தண்ணியும் புல்லும் குடுத்துப் பாப்போம் மைனி" என்று சித்தி பசுவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினாள். குற்றாலத்தில் சாரல் ஓய்ந்தபோது, அது சினையாகித் திரும்பி வந்தது.

அத்தை அதன் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். "தண்ணியாட்டி, புல்லாட்டி? எது பிடிச்சுது?"

சித்தி வைக்கோலை உதறிப் போட்டாள். "ரெண்டும் இங்கன உள்ளதுதான் மைனி. அங்கன காளைதான் வேற."

சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆய்க்குடிப் பேச்சு அன்றோடு நின்றது.

வேலிப் பக்கம் போய், "காளைய விசாரிச்சியளா தம்பி?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"இப்பக் காளை ஏது ஆச்சி? எல்லாம் ஊசிதான."

காளையும் இல்லையென்றால், வாயில்லாத அந்தப் பசுவுக்காக யாரைக் கைகாட்டுவது?