அஞ்சலைக்குத் தர வேண்டிய தவிடு

எங்கள் தோட்டத்து மாரியம்மனை நம்பி வரும் அக்கா தங்கச்சிமாருக்குக் காத்தாயி எழுதுகிறேன். வயசான பிறகு கற்று, எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். என் வாயால் செய்த பாவம், என் கையாலேயே எழுதுகிறேன்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டினேன். அவன் வந்ததும் வெட்டு நின்றது, அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தோம். என் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் ரோடு போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவார் என்றார்கள். எனக்குக் குளிர்காய்ச்சல். என் ஒரே மகள் தவிட்டம்மாவுக்கு ஏழு வயது. வடக்கே கெடாவில் ஒரு தோட்டத்தில் இருந்த என் நாத்தனார் வந்து, அங்கே நெல் விளைகிறது, ஒரு வேளைச் சோறாவது கிடைக்கும் என்று அவளைக் கூட்டிப் போனாள். நான்தான் அனுப்பி வைத்தேன்.

அப்புறம் ஜப்பான்காரன் கெடாவைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டான். ஒரே நாளில் என் பிள்ளை வெளிநாட்டுக்காரி ஆனாள். நடுவில் எல்லை, எல்லையில் துப்பாக்கி. பாஸ் இல்லாமல் போனவர்கள் திரும்பவில்லை.

அந்தச் சமயத்தில் லாரிக்காரர் ஒருவர் சேதி கொண்டு வந்தார். நாத்தனார் வயிற்றுப்போக்கில் செத்துப்போனாள். தவிட்டம்மா அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், தனியாகக் கிடக்கிறாள், யார் வீட்டில் புகை வருகிறதோ அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறாள் என்றார். நான் அழவில்லை. அழத் தண்ணீர் இல்லை உடம்பில்.

பாஸ் வாங்க ஈப்போவுக்கு நடந்தேன். ஊருக்கு முன்னால் ஜெலாப்பாங் வந்தபோது கால் வெடித்து ரத்தம். பாஸ் கொடுக்கும் ஆபீசில், வாசலில் நின்ற சிப்பாய்க்கு இடுப்பு வளைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே நம்மவர் ஒருவர் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தார். தோட்டத்து ஆபீஸ் கடிதம், அம்மை குத்திய சீட்டு, போட்டோ, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், நாலும் வேண்டும் என்றார்.

அந்த நாலுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. போட்டோவுக்குச் சீனர் கடையில் போய் உட்கார்ந்தேன். காய்ச்சலில் தலைமுடி கொட்டியிருந்தது. படம் வந்தபோது என்னை எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் துணியில் சுற்றி மறுபடி நடந்தேன். கிராணி பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ காத்தாயி. இதுல தாய் பேரு அஞ்சலைன்னு இருக்கு. யாரு புள்ளைய யாரு தூக்கப் பாக்குற?"

காகிதத்தைத் தூக்கி எறிந்தார். பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பெயர் நான் செய்த வேலை.

எனக்கு முதலில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளையை வேறு ஒருத்தி மடியில் போட்டுக் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வது நம் ஆட்களின் வழக்கம். சாவு வந்து தேடினால், இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று போய்விடும். நாலாவது பிறந்ததும், கோயில் வாசலில் வைத்துப் பக்கத்து வீட்டு அஞ்சலை மடியில் போட்டேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒரு வருஷம் கழித்து, காது குத்தும்போது ஒரு முறம் தவிடு தந்து வாங்கிக்கொள்வதாக அம்மன் முன்னால் பேச்சு. தோட்டத்துக் கிராணி பிறப்பு எழுத வந்தபோதும், சாவை ஏய்க்கச் சொன்ன பொய் காகிதத்திலும் நிற்கட்டும் என்று தாய் பெயர் அஞ்சலை என்று சொன்னேன். கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

பிள்ளை தங்கியது. ஆனால் முதல் பேச்சு பேசியபோது அஞ்சலையைப் பார்த்து "ஆத்தா" என்றது. எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணிக் குழாயடியில் பத்துப் பேர் பார்க்க, "மலடிக்குப் புள்ள ஆசை வந்துருச்சு" என்றேன். குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒரே லயத்தில், நடுவில் ஒரு பலகைச் சுவர், ஐந்து வருஷத்துக்கு மேல் பேச்சில்லை. காது குத்தினேன், அவளைக் கூப்பிடவில்லை. தவிடும் கொடுக்கவில்லை.

ஈப்போவிலிருந்து வந்து அம்மன் முன்னால் விழுந்தேன். மூன்று வெள்ளி விரதம். சோறே இல்லாதவளுக்கு என்ன விரதம், ஆனாலும் இருந்தேன். முதல் வெள்ளி அழுது கேட்டேன். இரண்டாம் வெள்ளி திட்டினேன், நீயும் ஒரு தாயா என்று கேட்டேன். மூன்றாம் வெள்ளி உச்சிவெயிலில் கேட்கக்கூடத் தெம்பில்லை. சும்மா வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே படியில்தான் பிள்ளையை அஞ்சலை மடியில் போட்டேன். அப்போது என் நெஞ்சுக்குள் ஒன்று கேட்டது. சத்தம் இல்லை, ஆனால் கேட்டது. உன் பிள்ளை என்கிறாயே, அவளை நீ இன்னும் வாங்கவே இல்லையே.

நான் எழுந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் தவிடு லேசுப்பட்டது இல்லை. அரிசி இல்லாமல் ஜனங்களுக்குக் கால் வீங்கி, நீர் கோத்துச் செத்தார்கள். தவிடு தின்றால் வீக்கம் வடியும் என்று அதற்கும் அடிதடி. என் கல்யாணப் புடவையைக் கோலா கங்சார் கடைக்காரனிடம் கொடுத்தேன். துணிக்கு அப்போது அத்தனை பஞ்சம். ஒரு முறம் தவிடு கிடைத்தது.

அஞ்சலை கதவோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனும் சயாமுக்குப் போனவர்தான். அவள் காலைப் பார்த்தேன். பனந்துண்டு மாதிரி வீங்கியிருந்தது. முறத்தை முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியில் சொன்னதற்கு அவள் காலைப் பிடித்தேன். விரல் வைத்த இடம் குழியாகவே நின்றது.

அவள் அந்தக் குழியைத் தடவிவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"ஊர்ல யாரும் என்னை அம்மான்னு சொல்லல காத்தாயி. அந்த ஒரு கடுதாசிலதான் நான் அம்மா. அதையும் கேட்டு வந்துட்டியா?"

முறத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

அவள் முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தவிடு வாங்கியாச்சு. புள்ள இனி ஒன்னுது. எப்ப போவணும்?"

மரவள்ளி ஏற்றிப் போன லாரியில் கிழங்கோடு கிழங்காக அவளை உட்கார வைத்து ஈப்போவுக்குக் கொண்டு போனேன். ஆபீஸ் படியில் தோள் கொடுத்து ஏற்றினேன். கிராணி முறைத்தார். பத்திரத்தைத் தட்டிக் காட்டி, இது உன் பிள்ளையா என்று அஞ்சலையைக் கேட்டார்.

"நான் பெக்கலங்கய்யா. மடில வாங்குனேன், தவுட்டுக்குக் குடுத்துட்டேன். பெத்தவ இவதான்."

கிராணியின் பேனா நின்றது. எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளை செத்தது என்று மெதுவாகக் கேட்டார். பிறகு குனிந்தபடியே சொன்னார்.

"என் பேரு பிச்சை. என் அம்மாவுக்கும் எனக்கு முன்ன ரெண்டு தங்கல."

அவ்வளவுதான் பேசினார். ஒரு தாளில் எழுதி, பெற்றவள் என்று என் கைநாட்டையும், சம்மதம் என்று அஞ்சலை கைநாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வாங்கினார். அந்த ஆபீசில் வேறு யாரைப் போட்டிருந்தாலும் இது புரிந்திருக்காது. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். ஜப்பான் அதிகாரி எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முத்திரையை அடித்தான்.

புறப்படும் நாளில் அஞ்சலை ஒரு பொட்டலம் தந்தாள். நான் கொடுத்த தவிட்டில் பாதியை அடையாகத் தட்டியிருந்தாள். உன் காலுக்கு வேண்டாமா என்றேன். பிள்ளைக்குப் பசிக்கும் என்றாள்.

எல்லையில் அந்தத் தாளை நாலு தடவை பிரித்துப் பார்த்தார்கள். விட்டார்கள். அந்தக் கெடா தோட்டத்தில் லயத்துக் கடைசி வாசலில் உடம்பெல்லாம் சொறியோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "சோறு ஆக்கப் போறீங்களா அக்கா?" என்று கேட்டது. பெற்றவளைத் தெரியவில்லை. அடையைப் பிட்டுக் கொடுத்தேன். தின்று முடித்த பிறகுதான் அம்மா என்றது.

ஜப்பான்காரன் போகும் வரை அங்கேயே களையெடுத்துப் பிழைத்தோம். திரும்பி வந்தபோது அஞ்சலை இல்லை. நான் போன இரண்டாம் மாதமே போய்விட்டாளாம். மூங்கில் புதர் ஓரம் மண்மேட்டைக் காட்டினார்கள். என் வீட்டுக்காரரும் வரவில்லை. எல்லாம் தந்தாள் அம்மன் என்று நான் பொய் எழுத மாட்டேன். கேட்டதைத் தந்தாள். நான் கேட்டது ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பின் மகளுக்கு அடையாளக் கார்டு எடுக்கப் போனோம். பழைய பிறப்புப் பத்திரத்தைப் பார்த்த அதிகாரி, தாய் பெயர் தப்பாக இருக்கிறதே, மனுக் கொடுத்தால் திருத்தலாம் என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தப்பு இல்லங்கய்யா. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

இன்றைக்கும் அந்தக் காகிதத்தில் அஞ்சலைதான் அம்மா.

தோட்டம் போய்விட்டது, கோயில் இருக்கிறது. ஆடி வெள்ளியில் எல்லோரும் பூவும் பாலும் கொண்டு வரும்போது, தலை நரைத்த ஒருத்தி முறத்தில் தவிடு கொண்டு வந்து படியில் வைப்பாள். சிரிக்காதீர்கள், அவள் என் மகள். உங்களுக்கு ஒரு குறை இருந்தால் நீங்களும் வந்து அந்தப் படியில் உட்காருங்கள். யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அம்மன் கேட்பாள். என்னையே கேட்டவள்.