பொங்கல் பரிசாகத் தந்த பேரல்

கச்சிராயபாளையம் அருகே பினாயில் பட்டறை நடத்துகிறேன். ஒரு பொங்கலுக்கு, பினாயில் தயாரிக்க வாங்கும் மூல எண்ணெய் வந்த காலிப் பேரல்களைத் தொழிலாளர்களுக்குப் பரிசாகக் கொடுத்தேன். உண்மையில், அவற்றை அப்புறப்படுத்தும் தொல்லையை அவர்கள் தலையில் கட்டினேன்.

மறுவாரம், எங்களிடம் வேலை செய்த பொம்மி பேரலை உருட்டிக்கொண்டு வந்தார். அதிலிருந்த தண்ணீரைக் குடித்து அவருடைய பசு செத்திருந்தது.

"ஏம்மா, நல்லாக் கழுவலையா?" என்றேன்.

"மூணு வாட்டி கழுவினேன், மொதலாளி! மாடு முந்திக்கிச்சு, இல்லன்னா எம் புள்ளைங்க குடிச்சிருக்கும். நீ உன் வூட்ல வச்சி இதுல தண்ணி புடிச்சிக் குடிய்யா!"

வேதியியல் படித்தவன் நான். தெரியாமல் செய்த தவறல்ல.

இப்போது காலிப் பேரல் எதுவும் வெளியே போவதில்லை. கழுவிய நீரை அடுத்த தயாரிப்பில் கலந்து, அதே பேரலில் பினாயிலையே நிரப்புகிறேன். பொம்மிக்கு வேறு பசு வாங்கிக் கொடுத்தேன். அவர் வேலைக்குத் திரும்பவில்லை.