அப்பாவிடம் பேச நேரம் கேள்

என் தங்கச்சி கலைமதி என்ன வேலை பாக்கறான்னு வளவனூர்ல யாராவது கேட்டா, "கம்ப்யூட்டர்ல எழுதறா"ன்னு சொல்லி முடிச்சுக்குவேன். வெளக்கப் போனா எனக்கே தலை சுத்தும். திண்டிவனத்துல ஊட்ல உக்காந்துக்கினே பெங்களூர் கம்பெனிக்கு வேலை. சொன்ன வேலைய தானா செய்யற ஏஐ ஏஜென்ட்டுங்க இருக்குதுங்களாம். அதுங்க கையில எது பாக்கி, எது ஓடிக்கினு இருக்கு, எது முடிஞ்சுதுன்னு வரிசையா காட்ட ஒரு கருவி. அத எப்படிப் பயன்படுத்தறதுன்னு படிக்கறவங்களுக்குப் புரியற மாதிரி இவ எழுதணும். நல்லாத்தான் எழுதுவா. எல்லாத்துலயும் கறாரா இருக்கறவ, அப்பான்னா மட்டும் கொழகொழன்னு ஆயிடுவா.

கெடார்ல இருக்கற எங்கப்பா சக்கரபாணி அவகிட்ட பேசி நாலு வருசம் ஆச்சு. அறிவுச்செல்வனக் கட்டிக்கினா. வேற சாதி, சர்ச்சுக்குப் போற குடும்பம். திண்டிவனத்துலயே ஒரு லேப்ல ரத்தம் எடுக்கறான். தங்கமான புள்ள, பொய் சொல்லக் கூடாது. அப்பாவுக்கு அது எதுவும் காதுல ஏறல. இவ போன் பண்ணா கட் பண்ணுவாரு. பண்ணிப் பண்ணி ஓய்ஞ்சு போயி, அப்பறம் என்னைத் தொளைக்க ஆரம்பிச்சா. அப்பா சாப்டாரா, இருமல் போச்சா, நெலத்துல மல்லாட்டை புடுங்கியாச்சா, என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா. கடைசிக் கேள்விக்கு நான் என்னத்த சொல்றது? பேச்ச மாத்துவேன். போன வச்சப்பறம் அப்பா மேல ஆத்திரமா வரும்.

போன மாசம் அவ மேனேஜரு, எடுத்துக்காட்டெல்லாம் சப்புன்னு இருக்கு, நெசமான வேலைங்களா போடுன்னு சொல்லியிருக்காரு. கேஸ் புக் பண்ணு, கரண்டு பில் கட்டுன்னு போட்டுக்கினே வந்தவ, அதுக்குக் கீழ "அப்பாவிடம் பேச நேரம் கேள்"னு போட்டுட்டா. வேணும்னு போடல, மனசுல கெடந்தது வெரலுக்கு வந்துடுச்சு. பட்டியல் எப்படித் தெரியும்னு காட்ட ஸ்கிரீன ஒரு படம் புடிக்கத்தான் அத்தனையும். ஆனா பின்னாடி ஏஜென்ட் நெசமாவே ஓடிக்கினு இருந்திருக்கு, இவ போன்ல இருக்கற நம்பருங்க எல்லாத்தயும் கையில வச்சிக்கினு. சோதனைக்குன்னு கம்பெனி குடுத்த நம்பர்லேர்ந்து அப்பாவுக்கு வாட்ஸ்அப் போயிடுச்சு. கலைமதி அவர்கள் தங்களுடன் பேச விரும்புகிறார், தங்களுக்கு எந்த நேரம் வசதின்னு, கலெக்டர் ஆபீஸ் கணக்கா.

அப்பா யாரோ பெரிய எடத்து ஆளுன்னு நெனச்சிக்கினு, மரியாதையா வாய்ஸ் மெசேஜா பேசிப் பதில் அனுப்பியிருக்காரு. "வரச் சொல்லுங்க. தனியா வரச் சொல்லுங்க."

விஷயம் தெரிஞ்சதும் ஜல்தியா பஸ் புடிச்சு திண்டிவனம் போனேன். கருவி அந்த வேலைக்கு நேரா "முடிந்தது"ன்னு காட்டிக்கினு இருக்கு. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. என்னாத்த முடிஞ்சுது? அவ அதையெல்லாம் கண்டுக்கவே இல்ல. அப்பா குரலப் போட்டுப் போட்டுக் கேக்கறா. "வரச் சொல்லுங்க"ன்றதோட நிறுத்திட்டு மறுபடி மொதல்லேர்ந்து போடறா. 

மறுநாள் அவளக் கூட்டிக்கினு வர்றேன்னு அப்பாவுக்குப் போன்ல சொல்லிட்டேன். அறிவுச்செல்வன் ஒரு வார்த்தை தப்பா பேசல. போயிட்டு வா, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்னு சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து உட்டுட்டு லேபுக்குப் போயிட்டான். அப்பாவுக்குன்னு வேட்டி, துண்டு, இருமல் மருந்து எல்லாம் ஒரு பையில எடுத்து வச்சிருந்தா. கெடாருக்குப் போக விழுப்புரம் பஸ் வந்துச்சு. நான் ஏறி, படிக்குப் பக்கத்து ஜன்னல்ல எடம் போட்டுட்டேன். அவ கம்பியப் புடிச்சிக்கினு கீழயே நிக்கறா. கண்டக்டர் விசில் ஊதறாரு. ஏறித் தொலைடின்னு நானும் கத்தினேன்.

"தனியா எப்படிக்கா வர்றது? நான் தனியா இல்லையே."

பைய ஜன்னல் வழியா என் மடியில வச்சிட்டு ஒதுங்கி நின்னுட்டா. அழுவல. அழுதிருந்தாலும் தேவலாம். கூட்டேரிப்பட்டு தாண்டற வரைக்கும் நான்தான் அழுதுக்கினே போனேன்.

கெடார்ல அப்பா வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு. சவரம் பண்ணி, சலவைச் சட்டை போட்டிருந்தாரு. எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்தாரு. யாரும் இல்ல. பையக் குடுத்தேன். அவ சொன்னத அப்படியே சொன்னேன், கூடவே என் வாய்க்கு வந்ததயும் சொன்னேன். திட்டுவாருன்னுதான் பாத்தேன்.  அந்தப் புதுத் துண்ட மடியில வச்சிக்கினு உக்காந்தவரு, சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கல.

நான் கெளம்பறப்போ பஸ் நிக்கற எடம் வரைக்கும் கூட வந்தாரு. ரோட்டப் பாத்துக்கினே கேட்டாரு.

"அந்தப் புள்ள பேரு என்னா?"

அவருக்கா தெரியாது? அவங்க கல்யாணம் கட்டிக்கினப்போ போலீஸ் ஸ்டேஷன்ல இவரே புகாரா எழுதிக் குடுத்த பேரு. இருந்தாலும், அறிவுச்செல்வன்னு நிறுத்தி நிதானமா சொன்னேன். அப்பா அத ஒருதரம் தன் வாயால சொல்லிப் பாத்தாரு.