பின்தெருவுக்குப் போகாத நோட்டீஸ்

எங்கள் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் அவருக்குச் 'சக்கரம்' என்று பெயர். கைப்பிடி வைத்த ஒற்றை அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக ஊர்த் தெருக்களை அளந்தவர். வெயிலில் அதைத் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால், வண்டியைத் தொலைத்துவிட்டுச் சக்கரத்தை மட்டும் மீட்டு வந்த ஆள் மாதிரி இருக்கும். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். எனக்கு எதிர் மேசை. அவர் தரும் பட்டியலைப் பார்த்து நோட்டீஸ் அடித்து உறையிலிட்டு அனுப்புவது என் வேலை.

வீடுகள் மட்டும் இருக்க வேண்டிய பகுதியில் மூன்று மாடிக் கடை வளாகம் கட்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்தது. விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. குடியிருப்புப் பகுதியில் கடைக்கு அனுமதி வேண்டும். பின்பக்கம் விட வேண்டிய ஆறு மீட்டர் காலி இடத்தை மூன்று மீட்டராகக் குறைக்க வேண்டும். அங்கேயே லாரிகள் சரக்கு இறக்க வேண்டும். இப்படிக் கேட்டால் குழு கூடி விசாரிக்கும். மனையைச் சுற்றி அறுபது மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு நோட்டீஸ் போகும். நோட்டீஸ் வந்தவர்கள்தான் கூட்டத்தில் பேசலாம்.

அந்த மனையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சக்கரத்தின் அக்கா வீடு. அக்கா வீட்டுக்காரர் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். பகலில் பின்னறையில்தான் தூங்குவார். ஜன்னலுக்கு வெளியே லாரிக் கதவு படார் படாரென்று அடித்தால் மனிதர் எங்கே தூங்குவது? தூங்காமல் நாற்பது உயிரை எப்படி ஏற்றிக்கொண்டு போவது?

"சொந்த அக்காங்க. நாளைக்கு யார் வாயிலயும் விழக் கூடாது பாருங்க" என்று சக்கரம் மூன்று முறை அளந்தார். மனை வாசலில் தொடங்கி, முன்தெரு வழியாகப் போய், முனையில் திரும்பி, பின்தெருவில் அக்கா வாசல் வரை நூற்று நாற்பத்திரண்டு மீட்டர். அக்கா வீடு பட்டியலில் இல்லை. பின்தெருவே இல்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டு உறை ஒட்டினேன்.

விஷயம் காதில் விழுந்து அக்கா கூட்டத்துக்கு வந்துவிட்டார். குழுத் தலைவர் பட்டியலையும் அளவுக் குறிப்பையும் புரட்டினார்.

"உங்க வீடு இதுல இல்லையேம்மா. நூத்தி நாப்பது மீட்டர் தள்ளியிருக்கு."

"அப்படிங்களா? எங்க மாடிக் கொடியில காயற துணி காத்தடிச்சா அந்த மனையிலதான் விழுது. போன வாரம்கூட எங்க வீட்டுக்காரர் பேன்ட்டைச் சுவரேறி எடுத்தோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை; தம்பி பக்கம் திரும்பினார்.

"நீ எங்கேயிருந்துடா அளந்தே?"

"வாசல்லேருந்துதான்க்கா. எப்பவும் வாசலுக்கு வாசல்தான்."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "அளந்தவரோட அக்காங்கிறதுக்காக விதியை வளைக்க முடியாதுங்க."

விதி என்ற சொல் சக்கரத்தை எங்கோ தொட்டிருக்க வேண்டும். மேசையில் கிடந்த விதிப் புத்தகத்தை இழுத்துப் பார்த்தார். மெதுவாக எழுந்தார்.

"ஐயா, அளவு தப்பு. மனை எல்லையிலேருந்து நேரா அளக்கணும்னுதான் போட்டிருக்கு. சக்கரம் சுவரேறாது. அதனால எனக்கு முன்னாடி இருந்தவங்க தெரு வழியா அளந்தாங்க. நானும் அப்படியே அளந்துட்டேன்."

"இந்த ஒரு தடவையா?" என்றார் தலைவர்.

"எல்லாத் தடவையும்."

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தலை தப்பியிருக்கும். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என் தலையும் சேர்ந்து உருளுமே என்ற பயத்தைத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் தள்ளிப்போனது. பின்தெருவில் பதினொரு வீடுகளுக்கு நோட்டீஸ் போனது. அடுத்த கூட்டத்தில் கடைக்கு அனுமதி கிடைத்தது; ஆனால் ஆறு மீட்டர் ஆறாகவே நின்றது, லாரிகளை முன்தெருப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார். சக்கரத்துக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்றுபோனது.

செய்தி ஊருக்குள் பரவாமல் இருக்குமா? ஒரு நாள் காலை பூட்டு ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் வந்து சக்கரத்தின் மேசை முன் நின்றார். எட்டு வருடத்துக்கு முன் திறந்த பெரிய மளிகைக் கடைக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருப்பவர்.

"எனக்கும் அப்போ ஒரு நோட்டீஸ் வந்திருக்கணுமாங்க?"

சக்கரம் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தார். "வந்திருக்கணும்ங்க."

வசவுக்குத் தயாராக அவர் குனிந்து நின்றதை நான் பார்த்தேன்.

"வந்திருந்தாலும் நான் கடை வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். முன்தெருவுல எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. நம்மை மட்டும் கேக்கலையே, வாடகைக்கு இருக்கிறவன்தானேன்னு விட்டுட்டாங்களோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க. நான் அளந்தது தப்பு."

"அவ்வளவுதானா?"

பூட்டுக்காரர் முகம் தெளிந்துவிட்டது. வந்த வேலை முடிந்தவர் போலத் தலையசைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் சக்கரம் தாங்கியிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் மேசையிலிருந்த அந்தப் பழைய கோப்பை எடுத்து, விட்டுப்போன பின்தெரு முகவரிகளை உறைகளின் மேல் எழுதத் தொடங்கினேன்.