காப்புக் கயிறும் மாவ்பி எல்லையும்

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் பட்டதாரி. பர்மிய விமானப் படையில் 'போஜீ', அதாவது கேப்டன் நிலை அதிகாரியாக, மாவ்பித் தளத்திலிருந்து சிறிய சரக்கு விமானம் ஓட்டியவன். என் பாட்டனார் போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை சுமந்தவர். பணியில் எனக்குப் பர்மியப் பெயர். நாங்கள் குடியிருந்த க்யிம்யிண்டைங்கில் எங்கள் அம்மன் கோயிலின் வரிப் புத்தகத்தில் தமிழ்ப் பெயர். இரண்டில் எதற்கும் களங்கம் வர நான் இடம் கொடுத்ததில்லை. இதை எழுத நேர்ந்ததற்கும் அதுவே காரணம்.

மகன் மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் கண்டு பிழைத்தான். நான் தீமிதிப்பதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டவள் என் மனைவி. மஞ்சள் கிழங்கு முடிந்த காப்புக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் பத்து நாள் விரதம். அது முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேண்டுதல் முறிந்துபோகும், பிள்ளைக்கு ஆகாது என்று அவள் அஞ்சினாள். விமானிக்கு இது எளிய விதி அன்று. என் மேலதிகாரி பௌத்தர். காரணத்தைக் கேட்டவர் மறு பேச்சின்றிப் பத்து நாளும் எனக்கு அலுவலக வேலை ஒதுக்கினார். ஆனால் தளமே ஊருக்கு வெளியே இருந்ததால், கோயில் தர்மகர்த்தா தம் பங்குக்கு எல்லையையே நீட்டிக் கொடுத்தார்.

"மாவ்பியில நம்ம ஆளுங்க பயிர் வைக்கிறாங்க, கோயிலுக்கு வரி கட்றாங்க. அப்ப மாவ்பியும் நம்ம எல்லைதான் தம்பி."

எட்டாம் நாள் காலை, ஆற்று முகத்துவாரக் கிராமம் ஒன்றிலிருந்து செய்தி வந்தது. கண்ணாடி விரியன் தீண்டிய பள்ளி ஆசிரியை ஒருவருக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. படகில் கொண்டுவந்தால் இரண்டு நாள் ஆகும். அன்றைய முறை விமானி காய்ச்சலில் கிடந்தார். "மாலையில் வேறொருவர் வருவார், காத்திருக்கலாம்" என்று மேலதிகாரி எனக்காகவே சொன்னார். மாலைவரை அந்தப் பெண் தாங்கமாட்டாள் என்றார் தளத்து மருத்துவர். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தர்மகர்த்தாவின் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"போயிட்டு வாங்க தம்பி. ஆகாசத்துக்கு ஏது எல்லை? காலை மட்டும் அங்க தரையில வச்சிராதீங்க. சீட்லயே குந்திக்கிட்டுத் திரும்பிருங்க."

"பூசாரி ஒத்துக்குவாரா?"

"அவருக்கு ஏரோப்ளேனப் பத்தி என்ன தெரியும்? நான் பேசிக்கிறேன்."

என்னோடு பறக்கவேண்டிய மெக்கானிக் ஒரு பர்மிய சார்ஜன்ட். என் மணிக்கட்டை உற்றுப் பார்த்தார். தொங்கும் கயிறு கருவிகளில் சிக்கலாம். அறுக்கச் சொல்வார் என்றே எதிர்பார்த்தேன். அவரோ கம்பிகளுக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்து, கயிறு வெளியே வராதபடி என் சட்டைக் கையின்மேல் இறுகச் சுற்றினார்.

"உங்க அம்மனுக்கு டேப் வாசனை பிடிக்குமா, போஜீ?"

"கோவிச்சுக்க மாட்டா."

"அப்ப சரி. இஞ்சினை ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஒண்ணு அவளுக்காக."

மண் ஓடுபாதையில் இறங்கி இயந்திரத்தை நிறுத்தியபோது மாட்டு வண்டி ஒன்று காத்திருந்தது. மூங்கில் கட்டிலில் ஆசிரியை. அருகே அவள் கணவன், மிக வயதான வண்டிக்காரர், கிராமத்துப் பிக்கு. விமானக் கதவு மார்பு உயரத்தில் இருந்தது. சார்ஜன்ட் உள்ளேயிருந்து இழுக்க, கணவன் ஒரு முனையைத் தூக்கினான். மறு முனையைத் தூக்க வண்டிக்காரரால் ஆகவில்லை. பெண்ணைத் தொடலாகாத பிக்கு, கைகளைக் காவித் துணிக்குள் இழுத்துக்கொண்டு தவித்து நின்றார். அவருக்கும் ஓர் எல்லை இருந்தது. நான் இருக்கையை விட்டு இறங்கினேன்.

அந்த மண்ணில் கால் மணி நேரம் நின்றேன். அவள் பிழைத்தாள், அடுத்த மழைக்காலத்தில் பள்ளிக்குத் திரும்பினாள் என்று பின்னர் அறிந்தேன்.

மாலையில் மனைவியோடு கோயிலுக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். தர்மகர்த்தா சளைக்கவில்லை.

"பூட்ஸ் போட்டிருந்தீங்கல்ல? அப்ப பாதம் மண்ணுல படவே இல்லியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை.

"எறங்கினீங்களா ஐயா?"

"இறங்கினேன்."

அவர் என் கையைப் பிடித்து, மஞ்சள் நீர் தெளித்து, காப்பை அவிழ்த்தார். "அடுத்த வருசம் கட்டிக்கலாம். அவ எங்க போயிடப் போறா?"

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதே சாமி?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஒண்ணும் ஆவாது தாயி. என் பேச்ச நம்பு. வூட்டுக்குப் போயி இவருக்கு வயிறாரச் சோறு போடு."

சோறு பரிமாறும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு எத்தனை பிள்ளைங்க?" நான் கேட்டு வரவில்லை என்றேன்.

அந்த மகன் இன்று தலை நரைத்த மனிதன். அவனைக் காணும்போதெல்லாம் எனக்கு அலுவலக வேலை தந்த அதிகாரியையும், டேப் சுற்றிய சார்ஜன்டையும், என்னைக் கடிந்து ஒரு சொல்லும் பேசாத மனைவியையும் நன்றியோடு நினைக்கிறேன். எல்லோரிலும் மேலாக, என் பதவிக்காக விதியை வளைக்காத பூசாரியை நினைக்கிறேன். அவர் வளைத்திருந்தால் மற்றவர்களைப்போல நானும் அந்தப் பூட்ஸ் கதையை நம்பத் தொடங்கியிருப்பேன்.

தர்மகர்த்தா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் கதை மட்டும் ஓயவில்லை. இவ்வாண்டுக் குடமுழுக்கு மலருக்காக இளைஞர்கள் கொண்டுவந்து காட்டிய அச்சுப்படியில், நான் பாதம் தரையில் படாமல் திரும்பி வந்து, அவ்வாண்டே முதல் ஆளாகத் தீமிதித்து, கொப்புளம் ஒன்றுமின்றிக் கரையேறியதாக இருக்கிறது. அன்போடு எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அது தவறு. நான் இறங்கினேன். அவ்வாண்டு தீமிதிக்கவில்லை. மறு ஆண்டு, வரிசையின் கடைசியில் மிதித்தேன். இடது பாதத்தில் இரண்டு கொப்புளங்கள் எழுந்தன.