பஸ்ரியனின் வெள்ளைக் குதிரை

"அசையாத ராசா, அசையாத. இப்ப உன்ர மூக்கிலதான் வேலை."

வாயில் தூரிகையைக் குறுக்கே கவ்விக்கொண்டு பஸ்ரியன் இப்படிக் கெஞ்சுவது, வாழைப்பழத்தோலுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கழுதையிடம். கழுதை அசையவே அசையாது. அசைகிறவர் பஸ்ரியன்தான். ஒரு கண்ணை மூடுவார், பின்னால் போவார், இன்னும் பின்னால் போவார், கோழிக்கூட்டில் இடறி விழுவார். எழும்பி, "நல்லா நிக்கிறாய்" என்று கழுதையைப் பாராட்டுவார்.

தீவின் கரையோரமான பள்ளிமுனையில் வள்ளங்களுக்குப் பூசி மிஞ்சுகிற பெயின்ற் எல்லாம் கடைசியில் வந்து சேருமிடம் பஸ்ரியனின் வீடு. ஆடு, மாடு, கோழி எதைக் கீறினாலும் வாலில்தான் தொடங்குவார். "வாலைப் பிடிச்சு வைச்சிட்டா மிச்சம் எங்க ஓடப்போகுது?" என்பது அவருடைய சித்திர சாத்திரம். அந்தச் சாத்திரம் மாடுகளிடம் நன்றாகவே பலித்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் வயல் செய்கிற நடராசா தன் எருதை வீட்டுச் சுவரில் கீறுவித்தார். மறுநாள் அந்த எருதே வந்து, வேறு யாரோ தன் வளவுக்குள் புகுந்துவிட்டதாக எண்ணிச் சுவரை முட்டி உடைத்தது. நடராசா இன்றுவரை அந்த ஓட்டையை அடைக்கவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஊரில உள்ள நாலுகால் எல்லாத்தையும் கீறியாச்சு. என்னை ஒருநாள் கீறினதோ இந்த மனுசன்?" என்று மனைவி செலீனா கேட்பார்.

"நீ ஒரு இடத்தில நிண்டாத்தானே!"

சிக்கல் குதிரையில்தான் வந்தது. தீவில் கழுதைக்குக் குறைவில்லை, குதிரைதான் கிடையாது. பஸ்ரியன் தன் வாழ்நாளில் ஒரு குதிரையைக் கண்டதில்லை. கழுதையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு வெள்ளை பூசினால் குதிரை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் ஊர்க் கோயிலின் தலைவாசலுக்கு மேலே, வெள்ளைக் குதிரையில் வாளோடு பாயும் அப்போஸ்தலர் சந்தியோகுமையோரைக் கீறியிருந்தார். புனிதர் குறையில்லாமல் வந்திருந்தார். குதிரைக்குத்தான் கால்கள் கட்டை; காதுகளோ புனிதரின் முழங்கையைத் தொட்டன. ஊருக்கு அது பழகிவிட்டது. பஸ்ரியன் பூசைக்குக் கோயிலுக்குள் போவதில்லை. வெளியே நின்று அண்ணாந்து குதிரையைப் பார்த்தபடியே சிலுவை போட்டுக்கொள்வார்.

கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சுவாமியாருக்கு அது பழகவில்லை. அவர் உடம்பு தேறுவதற்காக நுவரெலியாவில் கொஞ்சக் காலம் இருந்தவர். அங்கே பந்தயக் குதிரைகளைக் காலையும் மாலையும் கண்டவர்.

"பஸ்ரியன், இது என்ன?"

"குதிரை சுவாமி."

"அந்தக் காது?"

"குதிரையின்ர காது சுவாமி."

"அப்போஸ்தலர் கழுதையிலயோ சண்டைக்குப் போனவர்? கொடியேற்றத்துக்கு முன்னம் இது குதிரையா மாறோணும். இல்லாட்டி வெள்ளை அடிப்பிச்சுப்போடுவன்."

அன்று பஸ்ரியன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் குந்திக்கொண்டு சோற்றைத் தொடாமல் இருந்தார். செலீனா கோப்பையை எடுத்து மூடிவைத்தார்.

தேத்தண்ணீர்க் கடைத் தாவூதுதான் வழி காட்டினார். "டவுனுக்கு சர்க்கஸ் வந்திருக்கு அண்ணன். உசிரோட ஒரு குதிரை நிக்குது. வாங்க, காட்டுறன்."

கூடாரத்துக்குப் பின்னால், விலா எலும்பு தெரிய, வைக்கோல் மென்றுகொண்டு நின்றது அந்தக் குதிரை. பஸ்ரியன் வாலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது. "காலைக் கட்டையாப் போட்டிட்டன் தாவூது. கழுத்தும் பிழை. வயிறும் பிழை." தலைப்பக்கம் வந்ததும் நின்றார். "ராசா!" என்று கூப்பிட்டார். குதிரை திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அது வைக்கோலை விட்டு வாயை எடுக்கவில்லை.

"பாத்தியோ? கேக்கேல்லை."

"அது கொழும்புக் குதிரை அண்ணன். தமிழ் விளங்காது."

"கேக்கிறதுக்குப் பாசை எதுக்கு? காது போதாது."

கொடியேற்றத்துக்கு முதல்நாள் ஏணி சாத்தப்பட்டது. கால்கள் நீண்டன. வயிறு ஒட்டியது. கழுத்து வளைந்தது. கீழே நின்ற சுவாமியாரின் முகம் விரிந்தது. "இப்பத்தான் குதிரை! இனிக் காது" என்றார். காதுகளை ஆகாயமாக்கி மறைக்க வேண்டும். பஸ்ரியன் வள்ளத்து நீலத்தில் தூரிகையைத் தோய்த்தார். காதருகே கொண்டுபோனார். கை அந்தரத்தில் நின்றது. வெள்ளையடிப்பதைவிட இது மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை அதைக் கேட்கவில்லை.

"பஸ்ரியன் அண்ணை! காதில கை வையாதேங்கோ!"

கருவாட்டுக் கடகத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தவர் மாக்கிறட். "என்ர மனுசன் புயலுக்க அம்பிடேக்க நான் இந்தக் காதுக்குத்தான் சொல்லி அழுதனான் சுவாமி. விடிய வந்து சேந்திட்டார்."

"மாக்கிறட், புனிதரிட்டையல்லோ மன்றாடோணும்?"

"அவர் வாளோட பாஞ்சுகொண்டிருக்கிறார் சுவாமி. அவருக்கு எங்க நேரம்?"

பின்னால் கூடிவிட்ட பெண்கள் ஓம், ஓம் என்றார்கள். ஒருத்தி மகளின் கலியாணத்தை அந்தக் காதில் சொல்லியிருந்தாள். இன்னொருத்தி மாமியாரைப் பற்றிச் சொல்லியிருந்தாள். சுவாமியார் அண்ணாந்து பார்த்தார். புனிதர் உண்மையாகவே மிகுந்த அவசரத்தில் இருந்தார். குதிரைதான் ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, படம் இருக்கட்டும். காதும் இருக்கட்டும். ஆனா இதுக்கு மேல ஒண்டும் செய்யப்படாது, விளங்கிச்சோ?"

"ஓம் சுவாமி" என்றார் பஸ்ரியன், முதல் நற்கருணை வாங்கும் பிள்ளையின் பணிவோடு. "வெயில் சுடுது. நீங்கள் உள்ள போங்கோ."

சுவாமியார் கதவுக்குள் மறையும்வரை பார்த்திருந்தார். பிறகு நீலத்தை மூடிவைத்து, வெள்ளையில் தூரிகையைத் தோய்த்து, இடது காதை இன்னும் ஒரு விரற்கிடை மேலே இழுத்துவிட்டார்.