பல் பதிந்த மூங்கில் குழாய்

என் அடுப்படிச் சுவரில், முறத்துக்குப் பக்கத்தில், ஒரு மூங்கில் குழாய் தொங்குகிறது. முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனையில் கணு. மறுமுனையைச் சாய்வாகச் சீவி, வாயைக் கிழிக்காதபடி தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறது. மாட்டுக்கு மருந்து புகட்டுகிற குழாய். சீவிய முனைக்குக் கொஞ்சம் கீழே மூங்கில் நசுங்கி, வரிவரியாகப் பல் தடம் தெரியும். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. அதனால் மருமகள் இதை இரண்டு முறை தூக்கிப்போடப் பார்த்தாள். நான் விடவில்லை. சில வருஷமாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்த குழாய் இன்று ஈரமாக இருக்கிறது. அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகிற பஸ் தாண்டிப் போகும் மலையடிவாரத்து ஊர். என் வீட்டுக்காரர் மலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி நாள் ராத்திரி அங்கேயே தங்கிவிடுவார். தனியாக இருக்கப் பயந்து, நான் அக்கா வீட்டை ஒட்டியே ஒரு குடிசை போட்டுக்கொண்டேன். எனக்குப் பயம் என்பது கூடவே பிறந்தது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்கும் வீட்டுக் கஷ்டம் பாதி, வாத்தியார் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயம் பாதி. மலைப்பக்கம் மேகம் கறுத்தால் ஜீப் எந்த வளைவில் வருகிறதோ என்று வாசலுக்கும் ரோட்டுக்கும் நடப்பேன். கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அக்கா சிரிப்பாள். "பூட்டு கழண்டு வர்ற வரைக்கும் இழு. அப்பறம் நெஜமாவே பூட்டல" என்பாள்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மரவள்ளி லோடு ஏற்றப் போவார். குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் பிடித்து அதிலும் மரவள்ளி போட்டிருந்தார்கள். மாடு வைத்தியம் கொஞ்சம் தெரியும் அவருக்கு. அந்த மூங்கில் குழாய் அவர் மலையிலிருந்து வெட்டிவந்து செய்தது. ஊரில் யார் மாட்டுக்கு வயிறு உப்பினாலும் கூப்பிடுவார்கள். பக்கத்து நிலத்துக்காரரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான். பெரிய கிணறு வைத்திருந்ததால் அவரை ஊரில் கிணற்றுக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் அவர் கிணற்று மோட்டாருக்குப் போகிற செம்பு ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முந்தின சாயங்காலம் மாமா அந்தப் பக்கமாக நடந்து போனார் என்று ஒருத்தர் சொன்னது போதுமாக இருந்தது. மோட்டார் கொட்டகைக்கு முன்னால், ஜனங்கள் பார்க்க, கிணற்றுக்காரர் மாமாவை ஓங்கி அறைந்தார். அறை காதோடு விழுந்தது. காதிலிருந்து ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். அன்றிலிருந்து இடது காது கேட்கவில்லை. கேட்க நாதியில்லாதவன் என்று தெரிந்துதானே அடித்தார் என்று அக்கா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள்.

எங்கள் ஊரில் ஒரு சின்னக் கோயில் உண்டு. ஓட்டுக் கூரை, மேலே மரச் சிலுவை. ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து பூசை வைப்பார். பெண்கள் பக்கத்தில் நான் எப்போதும் அக்காவை ஒட்டித்தான் நிற்பேன். கர்த்தர் கற்பித்த செபத்தில், நமக்குத் தீங்கு செய்தவர்களை நாம் பொறுத்துக்கொள்வதைப் பற்றி ஒரு வரி வரும். அந்த அறைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த வரி வந்ததும் பக்கத்தில் சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா வாயை மூடிக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரி தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொண்டாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். எனக்குப் பயமாகிவிட்டது, சாமி குத்தமாகிவிடுமே என்று. வீட்டுக்கு வரும்போது கேட்டேன். "ஆண்டவருகிட்டப் பொய் சொல்ல சொல்றியா? மனசுல இல்லாதத எப்பிடிடி சொல்றது?" என்றாள். அப்படியே ஒன்றரை வருஷம் போல ஓடியது.

ஈஸ்டருக்கு முந்தின ஒரு தபசு காலம். வெயிலில் மரவள்ளிச் செடி குன்றிப்போய் நின்றது. அப்புறம் ஒரு கோடை மழை அடித்து, எல்லாம் ஒரே நேரத்தில் கொழுந்து விட்டது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வெயிலில் காய்ந்த பிறகு விட்ட அந்தக் கொழுந்தை ஆடு மாடு தின்றால் விஷம். அன்று மாமா லோடு ஏற்ற மலைக்குப் போயிருந்தார். கிணற்றுக்காரர் குடும்பத்தோடு கள்ளக்குறிச்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருடைய சினைப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் மரவள்ளிக் கொல்லையில் புகுந்து மேய்ந்துவிட்டது. நாங்கள் பார்க்கும்போது வாயெல்லாம் நுரை, நாலு காலும் நடுங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடங்கி விழுந்தது.

அக்கா ஒரு நொடி நின்றாள். அப்புறம் ஓட ஆரம்பித்தாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, வாணாங்கா. நம்ம கொல்ல, நம்ம தழ. மாடு செத்துதுனா நாமதான் வெஷம் வெச்சோம்னு சொல்லுவாங்க. ஒயருக்கே காது போச்சி. மாட்டுக்கு மாமாவ உயிரோட வுடுவாங்களா? ஸ்டேசனுக்கு இழுப்பாங்கக்கா."

"வுடுடி. வூட்ல பானையில வெல்லம் இருக்கு, எல்லாத்தையும் கரைச்சி எடுத்துக்கினு வா, வெஷத்த முறிக்கும். கொழாய் மாடத்துல இருக்கு பாரு, ஓடு."

அந்த வெல்லம் ஈஸ்டருக்கு அதிரசம் சுட வாங்கி வைத்தது. கரைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அழுதுகொண்டேதான் ஓடினேன். ரோட்டில் போன பால் வண்டிக்காரரைக் கை காட்டி நிறுத்தி, மாட்டு டாக்டருக்குச் சொல்லச் சொல்லி அனுப்பினேன். அக்கா சேற்றில் உட்கார்ந்து மாட்டுத் தலையை மடியில் வைத்து, குழாயைக் கடைவாயில் விட்டு ஊற்றினாள். மாடு வலிப்பு வந்ததுபோல் குழாயைக் கடித்தது. மூங்கில் நசுங்கிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

பயந்ததே நடந்தது. கிணற்றுக்காரரின் வண்டி வந்து நின்றது. கல்யாண வேட்டி சட்டையோடு வரப்பில் ஓடிவந்தார்.

"யாருடி அவ! என் மாட்டுக்கு இன்னாடி ஊத்தற? புருசன் ஒயர அறுத்தான், நீ மாட்ட அறுக்கறியா?"

அவர் கை மேலே போனதைப் பார்த்தேன். அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து, அந்தத் தண்ணீரையே ஒரு வாய் குடித்துக் காட்டினாள்.

"வெல்லத் தண்ணிங்க. திட்டறத அப்பறம் திட்டுங்க. மொதல்ல தலையத் தூக்கிப் புடிங்க, எனக்குக் கை ஓஞ்சிபோச்சி."

அந்தக் கை எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் அவர் வெள்ளை வேட்டியோடு சேற்றில் மண்டி போட்டு மாட்டின் தலையைப் பிடித்தார். டாக்டர் வந்து ஊசி போட்டார். வெல்லம் காப்பாற்றியதா, ஊசி காப்பாற்றியதா, எனக்குத் தெரியாது. பொழுது சாயும்போது மாடு எழுந்து நின்றது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா வந்ததும் வீடே இடிந்தது. "காது போனது எனக்கு. மன்னிக்கறதுக்கு நீ யாரு?" என்று கத்தினார். அதைக் கேட்டு எனக்கு அவர் சொல்வது சரிதானே என்றுதான் பட்டது. இன்றுவரை அந்தக் கேள்விக்கு முழு பதில் எனக்குத் தெரியாது. அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் யாரையும் மன்னிக்கல. மாடு வுழுந்து கெடந்துச்சி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் துணி துவைக்கும்போது என்னிடம் சொன்னாள்: "மாடு வுழுந்தப்ப, சாவட்டும்னு ஒரு நிமிசம் நெனச்சண்டி. நெனச்சது எனக்கே கேட்டுச்சி. பயந்துட்டேன். அதான் ஓடினேன். மனசுல ஒண்ணும் வரல, கைதான் போச்சி." பயம் என்றால் ஓடி ஒளிவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். பயந்து நல்லதை நோக்கியும் ஓடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஈஸ்டர் வந்தது. அதிரசம் இல்லை. "நம்ம பலகாரத்த மாடு தின்னுட்டுச்சி, சாமியார் வந்தா சாணி குடு" என்று மாமா வாசலில் உட்கார்ந்து குத்திக்காட்டிக்கொண்டிருந்தார். கோயிலில் அந்த வரி வந்தது. இவ்வளவு செய்த பிறகு சொல்லிவிடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அக்கா சொல்லவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் மனசு உடனே வெளுத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை போலும். தினமும் கிணற்றைத் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போக வேண்டும். போகும்போது அந்த வீட்டுக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அதையும் ஒரு விசித்திரமான வரிசையில் செய்தாள். "மாட்டுக்கு வேண்டிக்கினேன், அது சுளுவா வந்துச்சி. அப்பறம் அவரு பொண்டாட்டி, அப்பறம் புள்ளைங்க. அந்தாளுகிட்டப் போனா வாய் கட்டிக்குது. அவரு கடைசி. வரட்டும், பாப்போம்" என்றாள்.

மழைக்காலம் தொடங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தில் செபம் பாதிதான் கேட்டது. அந்த வரியும் வந்தது. பக்கத்தில் சத்தம் நிற்கவில்லை. தடுமாறி, மற்றவர்களுக்கு ஒரு சொல் பின்னால், நொண்டுகிறவள் மேடேறுவதுபோல அக்கா அந்த வரியைச் சொல்லி முடித்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தேன். என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "முன்னால பாருடி."

இதை அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டதற்கு முன்னால் சொன்னாள் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மாடு பிழைத்த நாளிலிருந்து அவர் எங்களிடம் ஒரு பேச்சும் பேசியதில்லை. அதற்கப்புறம்தான் பசு கன்று போட்டது. எங்கள் பக்கத்தில் கன்று போட்டால் சீம்பாலை அக்கம்பக்கம் கொடுப்பது வழக்கம். எங்கள் தெருவுக்கு அந்த வீட்டிலிருந்து அதற்கு முன்னால் வந்ததில்லை. கிணற்றுக்காரரின் பெண்டாட்டி தூக்குவாளியில் எடுத்துவந்து அக்கா கையிலேயே கொடுத்தாள். அக்கா அதை ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டாள். மாமா தொடவில்லை. "சீம்பாலு தின்னா காது தொறந்துக்குமா?" என்றார். அக்கா வற்புறுத்தவில்லை. "ஒங்களுக்கு வரும்போது வரட்டும். நான் ஒண்ணும் அவசரப்படுத்தல" என்று தட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மாமா லோடு வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். நான் குழாயடியில் குடம் வைத்திருந்தேன். கிணற்றுக்காரர் வந்து மாமாவின் இடது பக்கமாக நின்றார். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக என்னவோ சொன்னார். மாமா டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அவர் வந்ததே மாமாவுக்குத் தெரியவில்லை. கிணற்றுக்காரர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, தோளைத் தொட்டார். மாமா திரும்பினார்.

"இன்னாங்க சொன்னீங்க? அந்தப் பக்கம் கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

எனக்குக் குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை. மாமா கேலியாகச் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். அந்தப் பக்கம் ஏன் கேட்காது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கிணற்றுக்காரர் மாமாவைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

"ஒயர நீ எடுக்கலப்பா. ஆத்தரத்துல கைய வெச்சிட்டேன். தப்புதான்."

'டேய்' இல்லாமல் அவர் மாமாவிடம் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். மாமா டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்தார். "சரிங்க" என்றார். அவ்வளவுதான். லோடு வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோல, "அந்தச் சீம்பாலு மீதி இருக்குதா?" என்றார். அக்கா அவருக்கென்று ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தாள்.

அக்கா போய்ச் சில வருஷம் ஆகிறது. அடக்கத்தன்று கிணற்றுக்காரர் கைத்தடியோடு கோயிலுக்குள் வந்து கடைசி வரை நின்றார். மாமா கள்ளக்குறிச்சியில் மகனோடு இருக்கிறார். குழாய் என்னிடம் வந்தது.

இன்று காலை வாசலில் ஒரு குரல். கிணற்றுக்காரரின் மகன். "பெரிம்மா, மாடு எங்கியோ மரவள்ளிக் கொழுந்து தின்னுட்டுச்சி. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், வந்துக்கினு இருக்காரு. அதுக்குள்ள ஒங்ககிட்ட இருக்கிற மூங்கில் கொழாய வாங்கியாரச் சொல்லி அப்பா அனுப்பனாரு."

எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் ரெண்டு எட்டு போனான். வழக்கம்போல எனக்குப் பயம் வந்தது. மாடு செத்துவிட்டால்? நம்ம வீட்டுக் குழாயால்தான் என்று யாராவது சொல்லிவிட்டால்? அக்காவின் கை நினைவுக்கு வந்தது. உள்ளே போய் டப்பாவிலிருந்த வெல்லத்தை முழுவதும் மடியில் கட்டிக்கொண்டேன். "தம்பி, இரு, நானும் வரேன்" என்று கதவைப் பூட்டினேன். நாலு எட்டு போய், திரும்பி வந்து பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். அப்புறம் ஓடினேன்.

மாடு பிழைத்துக்கொண்டது. குழாயைக் கழுவி மாட்டியிருக்கிறேன். பழைய பல் தடத்துக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று இருக்கிறது.